விதி வேண்டாம் என்பவர் யார் செலவில் பேசுகிறார்?

மலையக மாணவருக்குச் செய்நிரலாக்கத்தை எப்படிக் கற்பிக்க வேண்டும் என்று சென்ற மாதம் வெளிவந்த கட்டுரைக்கு இது என் எதிர்வினை. கட்டுரையாளர் சொல்வதன் சாரம் இது: ஒரு சார்புக்குள் வந்து சேரும் பராமீட்டரின் முகவரியை எடுத்து வெளியே அனுப்பாதே, அனுப்புவதென்றால் அது எதுவரை செல்லுபடியாகும் என்பதை எழுதிக் காட்டு என்று ரஸ்ட் போன்ற மொழிகள் போடும் விதிகள் வீண் தடைகள். திறமையுள்ளவருக்கு அவை வேண்டியதில்லை. மற்றவருக்குக் கம்பைலர் தரும் எச்சரிக்கை போதும். தோட்டங்களிலிருந்து ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் வந்து படிக்கும் பிள்ளைகளுக்கோ அவை தாங்க முடியாத சுமை. சி மொழியைக் கையில் கொடுத்து, விழுந்து எழும்பிப் பழக விடுவதே அவர்களுக்குச் செய்யும் உதவி.

முதல் இரண்டு கூற்றும் பிழை. மூன்றாவது, பிழையாக இருப்பதோடு அநியாயமாகவும் இருக்கிறது. இந்த மலையில் வளர்ந்து, இங்கேயே பிள்ளைகளுக்குச் செய்நிரல் சொல்லிக்கொடுக்கும் ஒருத்தியாக அதை வாசித்துவிட்டு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

கட்டுரையாளர் தொடாமல் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறேன். பராமீட்டர் எங்கே இருக்கிறது? சி மொழியில் ஒரு சார்பை அழைக்கும்போது நாம் கொடுக்கும் மதிப்பு நகலெடுக்கப்படுகிறது. அழைத்தவரிடம் உள்ள மாறி ஒன்று, உள்ளே போன பராமீட்டர் வேறொன்று. 64 பிட் லினக்ஸ் கணினியில் முதல் 6 முழுவெண் பராமீட்டர்கள் ரெஜிஸ்டர்களில்தான் வந்து சேர்கின்றன. ரெஜிஸ்டருக்கு நினைவக முகவரி கிடையாது. உகப்பாக்கத்தோடு தொகுக்கும்போது, இதன் முகவரியைத் தா என்று நாம் எழுதிய பிறகுதான் கம்பைலர் அந்த மதிப்பை ஸ்டாக்கில் ஓரிடத்தில் இறக்கி வைத்து, அந்த இடத்தின் முகவரியைக் கொடுக்கிறது. நாம் கேட்டதால் மட்டுமே உண்டான முகவரி அது. சார்பு வேலை முடிந்து திரும்பியதும் அந்த இடம் அடுத்து அழைக்கப்படும் சார்புக்குப் போய்விடும். அதை யாரும் துடைப்பதில்லை. பழைய முகவரியைக் கையில் வைத்திருப்பவருக்கு யாரும் அறிவிப்பதுமில்லை.

எங்கள் பக்கத்தில் இதை விளக்க நெடுந்தூரம் போக வேண்டாம். லயத்தில் ஒரு குடும்பம் காம்பராவை விட்டுப் போனால் அதற்குள் வேறு குடும்பம் வந்துவிடும். இலக்கம் மாறாது. பழைய ஆளை நினைத்து அந்த இலக்கத்துக்கு எழுதும் கடிதம் புதிய குடும்பத்தின் கையில் போய்ச் சேரும். எழுதியவர் இலக்கத்தில் பிழை விடவில்லை. அந்த ஆள் அங்கே இல்லை, அவ்வளவுதான். பராமீட்டரின் முகவரியை எடுத்துச் சார்புக்கு வெளியே வைத்துக்கொள்பவருக்கு நேர்வது இதே கதி. அந்த முகவரி வழியாக வாசித்தால் அடுத்தவர் தரவு வரும். எழுதினால் அடுத்தவர் தரவு அழியும்.

சி மொழியின் 1999ஆம் ஆண்டுத் தரநிலை இன்னும் ஒரு படி மேலே போகிறது. முகவரியைத் தாங்கும் ஒரு சுட்டி காட்டும் பொருளின் ஆயுள் முடிந்ததும் அந்தச் சுட்டியின் மதிப்பே நிச்சயமற்றதாகிவிடுகிறது என்கிறது. அந்த முகவரிக்குப் போய் எட்டிப் பார்க்கக்கூட வேண்டாம். அதை இன்னொரு முகவரியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கும் உத்தரவாதம் இல்லை. சி மொழி சுதந்திரம் தருகிறது என்று எழுதியவர், அந்த மொழியின் தரநிலையே இங்கே என்ன நடக்கும் என்று சொல்ல மறுப்பதைத் தன் வாசகருக்குச் சொல்லியிருக்க வேண்டாமா?

தன் பக்கத்துக்குச் சான்றாக அவர் ஒரு பரிசோதனையை விவரிக்கிறார். பராமீட்டரின் முகவரியைத் திருப்பித் தரும் சிறு சார்பு ஒன்றை எழுதி ஓட்டிப் பார்த்தாராம். சரியான விடையே வந்ததாம். ஆகவே ஆபத்து ஊதிப் பெருக்கப்பட்டது என்று முடிவுக்கு வருகிறார். எனக்கு மிகுந்த கோபம் வந்தது இந்த இடத்தில்தான். சரியான விடை வந்ததற்குக் காரணம், அந்த இடத்துக்கு இன்னும் வேறு யாரும் குடிவராததே. இரண்டு வரிக்கும் நடுவே இன்னொரு சார்பை, திரையில் ஒரு சொல்லை அச்சிடும் சார்பை, அழைத்துப் பார்த்திருந்தால் விடை மாறியிருக்கக்கூடும். கம்பைலரின் உகப்பாக்க நிலையை ஒரு படி உயர்த்தியிருந்தாலும் மாறியிருக்கக்கூடும். பரிசோதனையில் சரியாக வருவதும் பாவனைக்குப் போன பின் தவறுவதும் இந்த வகைப் பிழையின் இயல்பு. அந்த இயல்பையே பிழை இல்லை என்பதற்கு ஆதாரமாகக் காட்டுகிறார்.

இனி எச்சரிக்கை போதும் என்ற கூற்று. ஜிசிசி, க்ளாங் இரண்டும் உள்மாறியின் முகவரியை நேரடியாகத் திருப்பித் தரும் சார்பைப் பார்த்தால் எச்சரிக்கும். உண்மை. ஆனால் கட்டுரையாளர் இந்தச் சிறு மாற்றத்தைச் செய்து பார்க்கட்டும். வந்த சுட்டியை அப்படியே திருப்பித் தரும் சார்பு ஒன்றை வேறொரு கோப்பில் எழுதி வைக்கட்டும். அதற்குள் எந்தத் தவறும் இல்லை. தனக்கு வந்ததைத் தந்தவருக்கே கொடுக்கிறது. இப்போது தன் பழைய சார்பு பராமீட்டரின் முகவரியை அந்தச் சார்பிடம் கொடுத்து, அது தருவதைத் திருப்பித் தரட்டும். செத்துப்போன முகவரி முன்பு போலவே வெளியே வருகிறது. எச்சரிக்கை எங்கே? முதற்கோப்பைத் தொகுக்கும் கம்பைலருக்கு இரண்டாவது கோப்பின் உள்ளே நடப்பது தெரியாது. அந்தச் சார்பு வேறொரு நிறுவனம் தந்த நூலகத்தில் இருந்தால் மூலநிரலே கையில் இருக்காது. தெரியாத ஒன்றைப் பற்றிக் கம்பைலர் எதைச் சொல்லி எச்சரிக்கும்?

இந்தப் பிரச்சினைக்கு அடித்தளம் இதுதான். எனக்குக் கொடுத்த முகவரியை நான் திருப்பித் தருவேனா, எங்காவது வைத்துக்கொள்வேனா, பயன்படுத்திவிட்டு விட்டுவிடுவேனா என்பதை ஒவ்வொரு சார்பும் தன் தலைப்பு வரியிலேயே சொல்லியாக வேண்டும். அப்படிச் சொன்னால்தான் அழைக்கும் பக்கத்தில் கம்பைலர் சரிபார்க்க முடியும்; உள்ளே நுழைந்து பார்க்கத் தேவையிருக்காது. கட்டுரையாளர் தடை என்று சொல்வது இந்த ஒப்பந்தத்தை.

ஒப்பந்தத்தை எழுதும் முறை மொழிக்கு மொழி வேறுபடுகிறது. அவரோ எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார். வால்டர் பிரைட் உருவாக்கிய டி மொழியில், டிஐபி 25 என்ற முன்மொழிவின் வழியாக, இந்தப் பராமீட்டர் திரும்பி வெளியே போகக்கூடியது என்று குறிக்கும் ஒரு சொல் வந்தது. பின்னர் டிஐபி 1000 அதே எண்ணத்தைச் சுட்டிகளுக்கு விரித்தது: இந்தச் சுட்டி இந்த அழைப்போடு முடிகிறது, இதை எங்கும் சேமிக்க மாட்டேன் என்று அறிவிக்கலாம், கம்பைலர் அதைக் கண்காணிக்கும். சி ஷார்ப் மொழி 2017இல் வந்த 7.0 பதிப்பில் மாறிகளைக் காட்டும் குறிப்புகளைத் திருப்பித் தர அனுமதித்தபோதே, மதிப்பாக வந்த பராமீட்டரைக் குறிப்பாகத் திருப்பித் தர முடியாது என்ற விதியையும் சேர்த்தே கொண்டுவந்தது. கோ மொழியின் வழி முற்றிலும் வேறு. அங்கே பராமீட்டரின் முகவரியைத் தாராளமாக எடுக்கலாம், திருப்பியும் தரலாம். அந்த முகவரி சார்பைவிட நெடுநாள் வாழக்கூடும் என்று கம்பைலர் கண்டால், அந்த மதிப்பை ஸ்டாக்கில் வைக்காமல் ஹீப்புக்கு நகர்த்திவிடும்; தேவை முடிந்தபின் கழிவு சேகரிப்பான் அதை அகற்றும். மாணவர் எழுத வேண்டிய விதி அங்கே எதுவுமில்லை. விலை, நினைவக ஒதுக்கீட்டுக்கும் சேகரிப்புக்கும் போகும் நேரம். ரஸ்ட் அந்த நேரத்தைச் செலவிட விரும்பாததால் எல்லாவற்றையும் தொகுக்கும் வேளையிலேயே முடித்துவிடுகிறது. ஓடும் செய்நிரலில் இந்தச் சரிபார்ப்புக்கு ஒரு கட்டளைகூட மிச்சமிருக்காது. விதிகள் செய்நிரலை மெதுவாக்கும் என்று அவர் போகிற போக்கில் எழுதிய வரி எந்த மொழியைப் பற்றியது? ரஸ்ட்டில் அந்தச் செலவு இல்லை. கோ மொழியில் அவர் எதிர்க்கும் விதி இல்லை.

ரஸ்ட்டின் ஆயுட் குறிகளைப் பார்த்து மாணவர் மிரள்வார்கள் என்கிறார். அந்தக் குறிகளை எத்தனை இடத்தில் எழுத வேண்டியிருக்கிறது என்று பார்த்தாரா? ஒரு சார்புக்குள் ஒரேயொரு குறிப்பு வந்து, ஒரு குறிப்பு வெளியே போனால், போவது வந்ததிலிருந்துதான் என்று கம்பைலர் தானாகவே எடுத்துக்கொள்ளும். அன்றாடச் சார்புகளில் பெரும்பங்கு இதற்குள் அடங்கிவிடும். இரண்டு குறிப்புகள் வந்து ஒன்று மட்டும் திரும்பிப் போகும்போதுதான், எது எதிலிருந்து என்று கேட்கிறது. நியாயமான கேள்வி அது. அதற்குப் பதில் தெரியாமல் சி மொழியில் அதே சார்பை எழுதும் மாணவர் கேள்வியிலிருந்து தப்பவில்லை. கேள்வி இருப்பதே அவருக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

விதி செய்பவர்கள் யோசிக்காமல் திணிக்கிறார்கள் என்றும் ஒரு குற்றச்சாட்டு. ரஸ்ட் 1.0 வெளியானது 2015 மே மாதம். அதற்குச் சில வாரங்கள் முன்பு, பெற்றோர் இழையின் ஸ்டாக்கிலுள்ள தரவைப் பிள்ளை இழைகளுக்கு முகவரியாகக் கொடுக்க உதவிய ஒரு நூலக வசதியில் ஓட்டை இருப்பது தெரியவந்தது. இழை முடியும்வரை காத்திருக்கச் செய்யும் பொருளை ஒருவர் அழிக்காமல் கசியவிட்டால், தரவு போன பிறகும் இழை ஓடிக்கொண்டிருக்க முடியும். வெளியீட்டு நாள் நெருங்கிவிட்டது என்று அவர்கள் அதை மூடி மறைக்கவில்லை. வசதியையே திரும்பப் பெற்றார்கள். ஓட்டையில்லாத வடிவம் மொழியோடு வரும் நூலகத்துக்கு 2022இல், 1.63 பதிப்பில்தான் வந்தது. 7 ஆண்டுகள் அந்த நூலகம் அது இல்லாமலே இருந்தது. இவர்களையா யோசிக்காதவர்கள் என்பது?

இவை நேற்று முளைத்த மோகம் என்பதும் சரித்திரம் தெரியாத பேச்சு. ஒரு குறிப்பு, தான் காட்டும் பொருளைவிட நெடுங்காலம் வாழும் இடத்தில் வைக்கப்படக் கூடாது என்ற விதி அல்கோல் 68இல் இருந்தது. அது சி மொழிக்கு மூத்தது. நிக்லவுஸ் வீர்த் 1970இல் வெளியிட்ட பாஸ்கல், உள்மாறியின் முகவரியை எடுக்கும் குறியையே மொழிக்குள் சேர்க்கவில்லை. அழைத்தவரின் மாறியைப் பராமீட்டர் வழியாக மாற்றலாம், ஆனால் அதன் முகவரியைக் கழற்றி எடுத்துப்போக முடியாது. ஏடா 95 ஒவ்வொரு சுட்டிக்கும் அணுகல் ஆழம் என்ற கணக்கை வைத்தது. அதைத் தாண்ட விரும்புபவர், சரிபார்க்கப்படாதது என்று பெயரிலேயே எழுதியுள்ள வேறொரு வசதியைக் கேட்டு வாங்க வேண்டும்.

டெனிஸ் ரிட்சி பெல் ஆய்வகத்தில் 1972 அளவில் சி மொழியை வடித்தபோது கையிலிருந்தது சில பத்து கிலோபைட் நினைவகம் கொண்ட பிடிபி 11 கணினி. அதற்குள் கம்பைலரும் இயங்க வேண்டும், இயங்குதளமும் இயங்க வேண்டும். இத்தகைய சரிபார்ப்புக்கு அங்கே இடமிருக்கவில்லை. அந்த நெருக்கடியில் அவர் செய்தது பெரிய சாதனை; அவரை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த நெருக்கடியைக் கொள்கையாக்கி, சரிபார்க்காமல் விடுவதே மேலான வழி என்று சி மொழியின் பெயரால் பேசுவது அவருக்கும் செய்யும் அவமரியாதை. அதே பெல் ஆய்வகத்தில்தான், கம்பைலர் விட்டுவிடும் சந்தேகங்களைத் தனியே தேடிச் சொல்வதற்காக 1970களிலேயே ஸ்டீபன் ஜோன்சன் லின்ட் என்ற கருவியை எழுதினார். சி மொழியின் பிறந்த வீட்டிலேயே மனிதக் கவனம் மட்டும் போதும் என்று நம்பியிருக்கவில்லை.

திறமையானவருக்கு விதி தேவையில்லை என்ற கூற்றுக்கு இப்போது வருகிறேன். மைக்ரோசாப்ட் 2019இல் தன் பாதுகாப்புக் குறைகளின் கணக்கை வெளியிட்டது. ஆண்டுதோறும் திருத்தி அறிவிக்கும் குறைகளில் ஏறத்தாழ 70 சதவீதம் நினைவகப் பாதுகாப்புப் பிழைகள். கூகுளின் குரோம் அணி 2020இல் சொன்னதும் அதே 70 சதவீதம். 2015 முதல் பதிவான தீவிரமான 912 பிழைகளை ஆராய்ந்து வந்த கணக்கு அது. அந்த 70இல் பாதி, ஆயுள் முடிந்த நினைவகத்தைப் பழைய சுட்டி வழியாகத் தொட்டதால் வந்தவை. இவற்றுள் பெரும்பாலானவை ஹீப்பில் நடந்தவை, பராமீட்டரின் முகவரி அவற்றில் ஒரு கிளைதான் என்பதை ஒளிக்கவில்லை. ஆனால் நோய் ஒன்றே: பொருளைவிட முகவரி நெடுநாள் வாழ்ந்துவிட்டது. இந்த நிரல்களை எழுதியவர்கள் யார்? உலகின் மிகத் திறமையான சி பிளஸ் பிளஸ் செய்நிரலாளர்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் வாசித்து ஒப்புதல் தந்த பிறகே சேரும் நிரல்கள். கணினிகளை இரவு பகலாக ஓட்டிப் பிழை தேடும் வசதியுள்ள இடங்கள். அங்கே தோற்ற கவனம், மஸ்கெலியாவில் தனியாக இருந்து படிக்கும் பிள்ளையிடம் வெல்லும் என்று நம்பச் சொல்கிறார்.

ஆண்ட்ராய்டில் வேறொன்று நடந்தது. பழைய நிரலை அப்படியே விட்டுவிட்டு, புதிதாக எழுதுவதை மேன்மேலும் ரஸ்ட் போன்ற மொழிகளில் எழுதத் தொடங்கினார்கள். 2019இல் அதன் பாதுகாப்புக் குறைகளில் 76 சதவீதமாக இருந்த நினைவகப் பிழைகள் 2024இல் 24 சதவீதத்துக்கு இறங்கின. லினக்ஸ் கருநிரல் 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பில் ரஸ்ட்டை உள்ளே எடுத்தது. லினக்ஸ் கருநிரலை எழுதுபவர்களைத் திறமையற்றவர்கள் என்று கட்டுரையாளரும் சொல்லமாட்டார் என்று நினைக்கிறேன்.

அவர் பக்கத்தில் நியாயமான ஒரு புள்ளி உண்டு, அதை ஒத்துக்கொள்கிறேன். இந்த விதிகள் சில சமயம் சரியான செய்நிரலையும் மறுத்துவிடும். எல்லாச் சரியான செய்நிரலையும் ஏற்று எல்லாத் தவறானதையும் மறுக்கும் கம்பைலர் கணிதப்படியே சாத்தியமில்லை. ரஸ்ட்டில் இருபக்க இணைப்புப் பட்டியலை எழுதப் போனவர் எவரும் தலையில் கை வைத்திருப்பார். 2018க்கு முன்பு ஆயுள் கணக்கு மிகவும் முரட்டுத்தனமாக இருந்தது. கடைசியாகப் பயன்பட்ட வரியோடு முகவரியின் ஆயுள் முடிவதாகக் கொள்ளும் முறை அதற்குப் பிறகு வந்ததுதான். பாதுகாப்பற்றது என்று குறித்து விதியைத் தாண்டும் வழி இருப்பதும் உண்மை. அந்த வழி இருப்பதால் எல்லாமே பொய் என்று அவர் எழுதுகிறார். குறியிட்ட சில வரிகளுக்குள் தேடுவதும், பத்து இலட்சம் வரிகளில் எந்த வரியும் குற்றவாளியாக இருக்கலாம் என்று தேடுவதும் அவருக்கு ஒன்றாகத் தெரிகிறதா?

மூன்றாவது கூற்று. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது அதிகம் என்ற கூற்று.

இந்தப் பிள்ளைகளுக்கு இவ்வளவு போதும் என்று சொல்லும் குரல் எங்களுக்குப் புதிதில்லை. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே கிடந்தன. பல வகுப்புக்கு ஒரே அறை, ஓராசிரியர், ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிவு. எழுத்துக் கூட்டத் தெரிந்தால் போதும், கொழுந்து பறிக்க அதற்கு மேல் எதற்கு என்ற எண்ணம் அதற்குப் பின்னால் இருந்தது. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்க 1970கள் வரை ஆனது. கட்டுரையாளர் அந்தத் துரைமாரின் மனத்தோடு எழுதினார் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள்மேல் உள்ள இரக்கத்தோடே எழுதியிருக்கலாம். ஆனால் அந்த இரக்கம் வந்து நிற்கும் இடம் அதே இடம்.

சரி, சுமை எது என்று பார்ப்போம். உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளை பைதான் எழுதப் பழகுகிறது. முகவரியைக் கையால் தொடும் வேலை அங்கே இல்லை. பிறகு பல்கலைக்கழகத்திலோ தானாகவோ சி மொழியைத் தொடும்போதுதான் இந்தச் சிக்கல் முதன்முதலாக எதிர்ப்படுகிறது. கொழும்பில் ஒரு நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்த பையனுக்குப் பக்கத்து மேசையில் ஓர் அண்ணன் இருப்பார். ஐயோ, இந்த முகவரி செத்துப்போய்விட்டதே என்று திரையைப் பார்த்ததும் சொல்லிவிடுவார். தலவாக்கலையில், பொகவந்தலாவையில் கடன் வாங்கிய மடிக்கணினியோடு இருக்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்? சி மொழியில் அந்தப் பிழை எந்தச் சத்தமும் போடாது. ஒரு நாள் சரியான விடை வரும், மறுநாள் வேறு விடை வரும். பிள்ளை தன் அறிவையே சந்தேகிக்கத் தொடங்கும். எனக்கு இது வராது டீச்சர் என்று சொல்லிவிட்டு விலகிப்போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய அறிவில் குறை இருக்கவில்லை, நினைவகத்தில் என்ன நடந்தது என்று சொல்ல ஆளிருக்கவில்லை.

ரஸ்ட் கம்பைலர் அதே பிழையை அந்த நிமிடமே நிறுத்துகிறது. சார்பின் பராமீட்டருக்கான குறிப்பைத் திருப்பித் தர முடியாது என்று சொல்லி, வரியைக் கோடிட்டுக் காட்டி, இ0515 என்ற எண்ணைத் தருகிறது. அந்த எண்ணைக் கொடுத்து விளக்கம் கேட்டால் உதாரணத்தோடு விளக்குகிறது. இணையம் வேண்டாம், டேட்டாவுக்குக் காசு வேண்டாம். விளக்கம் கம்பைலருக்குள்ளேயே இருக்கிறது. பக்கத்தில் ஆளில்லாத பிள்ளைக்கு இதைவிடத் தேவையானது எது? விதி அவர்களுக்குச் சுமை என்கிறார். உண்மையில் விதியில்லாத மொழியை வசதியுள்ளவரால் மட்டுமே சமாளிக்க முடியும்.

அந்த விளக்கங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன என்பது மட்டும் மெய்யான தடை. அதற்கு மருந்து, அவற்றைத் தமிழில் எழுதி வைப்பது. கட்டுரையாளருக்குத் தமிழ் நன்றாக வருகிறது. விதியை எடுத்துவிடு என்று எழுதிய நேரத்தில் ஒரு விளக்கத்தையாவது தமிழில் எழுதியிருக்கலாம்.

விழுந்து எழும்பிப் பழகட்டும் என்கிறார். யார் மேல் விழுவது? இப்போது தோட்டங்களில் கொழுந்து நிறுக்க மின்னணுத் தராசுகள் வருகின்றன. அதற்கு ஒரு மாணவர் சி மொழியில் நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஆளின் இலக்கமும் கிலோவும் பராமீட்டராக ஒரு சார்புக்கு வருகின்றன. மலையில் சிக்னல் இல்லை, பிந்தி அனுப்ப வேண்டும். மதிப்பை நகலெடுத்து வைப்பதற்குப் பதிலாக இலக்கத்தின் முகவரியை ஒரு வரிசையில் சேர்த்துவிடுகிறார். வரிசையில் சேர்க்கும் சார்பு வேறொரு கோப்பில் இருப்பதால் கம்பைலர் எதுவும் சொல்லவில்லை. ஒரே ஆளை வைத்துச் சோதித்தபோது இலக்கம் சரியாகவே வந்தது. மலையில் 40 பேர் வரிசையில் நின்று நிறுக்கிறார்கள். சார்பு ஒவ்வொரு தடவையும் ஒரே வழியாக அழைக்கப்படுவதால் பராமீட்டரும் ஒவ்வொரு தடவையும் ஸ்டாக்கில் அதே இடத்தில்தான் விழுகிறது. வரிசையிலுள்ள 40 முகவரிகளும் ஒன்றே. மாலையில் சிக்னல் வந்து வரிசையை வாசிக்கும்போது அந்த இடத்தில் கடைசியாக எழுதப்பட்டது எதுவோ அதுவே 40 பேரின் இலக்கமும் ஆகிவிடும். அந்த இலக்கத்துக்கு உரியவரைத் தவிர மற்றவர்கள் அன்று மலைக்கே போகாதவர்கள் போலக் கணக்கு காட்டும். ரஸ்ட்டில் இந்த நிரல் தொகுக்கப்பட்டே இருக்காது. கோ மொழியில் 40 மதிப்புகளும் ஹீப்பில் தனித்தனியே இருந்திருக்கும்.

தண்ணீர்க் கழிவு, சாக்குக் கழிவு என்று வெட்டப்படும் ஒவ்வொரு கிலோவுக்கும் எங்கள் பெண்கள் தராசடியில் வாதாடி வந்திருக்கிறார்கள். கிலோ குறைந்தால் அரைப்பேர், பாதி நாட்சம்பளம். 1,000 ரூபாய் நாட்சம்பளம் 2021இல் வர்த்தமானியில் வருவதற்கு எத்தனை ஆண்டு வீதியில் நின்றார்கள் என்பது நாட்டுக்கே தெரியும். கணக்கப்பிள்ளையோடு வாதாடலாம். கணினி காட்டுகிறது என்றால் யாரோடு வாதாடுவது?

பிரிட்டனில் அது நடந்து முடிந்திருக்கிறது. அஞ்சலகங்களுக்கு ஃபுஜித்சு தந்த ஹொரைசன் கணக்குச் செய்நிரல், பணம் குறைவதாகப் பொய்க்கணக்குக் காட்டியது. 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்ட துணை அஞ்சல் அதிபர்கள் திருட்டு, மோசடி, பொய்க்கணக்கு என்ற குற்றச்சாட்டுகளில் தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறை சென்றார்கள். கணினி சரியாகத்தான் வேலை செய்திருக்கும் என்பதே நீதிமன்றத்தின் தொடக்க ஊகமாக இருந்தது. அந்தத் தண்டனைகளை மொத்தமாக நீக்க 2024இல் நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டியிருந்தது. அங்கே நடந்தது சுட்டிப் பிழை என்று நான் சொல்ல வரவில்லை. செய்நிரலின் பிழைக்கு யார் தலையில் பழி விழும் என்பதற்காகவே சொல்கிறேன். எழுதியவர் தலையில் அது விழவில்லை. ஆங்கிலம் பேசும், சட்டத்தரணி வைக்கத் தெரிந்த அஞ்சல் அதிபர்களுக்கே 20 ஆண்டு போராட வேண்டியிருந்தது என்றால், நோர்வூட்டில் கூடை சுமக்கும் அக்காவுக்கு எத்தனை ஆண்டு?

சி மொழியைக் கற்பிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நான் கற்பிக்கிறேன். முகவரி என்றால் என்ன என்பதை அதில் பார்ப்பது போல வேறெங்கும் பார்க்க முடியாது. ஆனால் எச்சரிக்கை எல்லாவற்றையும் பிழையாக மாற்றிவிட்டுத்தான் தொகுக்கச் சொல்கிறேன். முகவரிச் சோதனைக் கருவியை இணைத்து ஓட்டச் சொல்கிறேன். ஓடும் வழியில் தட்டுப்பட்ட பிழையை மட்டுமே அது பிடிக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். சுட்டியைப் பெறும் ஒவ்வொரு சார்புக்கு மேலும், இதை நான் வைத்துக்கொள்வேனா மாட்டேனா என்று ஒரு வரி தமிழில் எழுத வேண்டும். எழுதாத நிரலை நான் வாசிப்பதில்லை. பிறகு அதே பயிற்சியை ரஸ்ட்டில் எழுதவைத்து, தமிழில் தாங்கள் எழுதிய வரியைக் கம்பைலர் தானாகவே கேட்பதைப் பார்க்க வைக்கிறேன். கட்டுரையாளர் ஒரு சனிக்கிழமை வந்து அந்த வகுப்பில் உட்காரட்டும். இரண்டாவது கோப்பில் இருக்கும் சார்பைப் பற்றி நான் மேலே கேட்ட கேள்விக்கு அவருடைய பதிலை என்னிடம் சொல்வதற்கு முன், அங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் சொல்லட்டும். அவர்கள் அதற்குப் பதில் எழுதி முடித்தவர்கள்.